நோய்நிலை உணர்த்தல்: நீரிழிவுற்றார் எழுத்தில் இளிவரலும் பெருமிதமும்

1. முன்னுரை

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் நோயுற்றவனை முதற்கண் வைத்தார். தீர்ப்பவனும் மருந்தும் உடனிருந்து பேணுபவனும் அவனுக்குப் பின்னரே எண்ணப்படுகின்றனர். அக்குறட்கு உரை வகுத்த பரிமேலழகர், ஒவ்வொரு கூறும் நந்நான்கு இயல்புடைத்து எனக் கொண்டு, உற்றவனுக்குரியனவாகப் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் என்பவற்றைக் கூறுவர். இவற்றுள் மூன்றாவது இலக்கியம் பயில்வார் கருத்திற்கு உரியது. நோயைத் தாங்குதல் மட்டும் போதாது. தாங்கும் நிலையைச் சொல்லவும் வல்லனாதல் வேண்டும் என்பது அவ்வுரையாற் பெறப்படும். சொல்லுதல் மருத்துவத்தின் புறத்தே நிற்கும் செயலன்று. அதன் உறுப்புகளுள் ஒன்று.

நோயுற்றார் தம் நோயைப் பற்றி எழுதியவற்றைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவை மருத்துவர்க்குச் சான்றாகலாம். படிப்பார்க்கு இரக்கம் விளைக்கலாம். இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியன ஆகா என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதனை நீரிழிவுற்ற மூவர் எழுத்துகளைக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். முதலாவது, எலிசபெத் ஹியூஸ் என்னும் அமெரிக்கச் சிறுமி 1922 இல் தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள். இரண்டாவது, டெடி ரைடர் என்னும் சிறுவன் 1923 இல் தன் மருத்துவர்க்கு எழுதிய சிறு கடிதம். மூன்றாவது, ஆர். டி. லாரன்ஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1925 இல் வெளியிட்ட ‘நீரிழிவு வாழ்க்கை’ என்னும் பொருள்படும் நூல். மூவரும் இன்சுலின் கிடைத்த தொடக்கக் காலத்தில் அதனால் உயிர் பிழைத்தவர். ஆராயும் கருவியாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொள்கின்றோம். உள்ளத்து நிகழ்வது உடல்வழிப் புலனாவதே மெய்ப்பாடு ஆதலின், உடலையே பொருளாகக் கொண்ட இவ்வெழுத்துகளுக்கு அஃது அயலான கருவி ஆகாது.

2. பெயரும் கூற்றும்

இந்நோய்க்கு மக்கள் இட்ட பெயர்களை முதலில் நோக்குவோம். நீரிழிவு என்பது நீர் மிகுதியாக இழிதலைக் குறிக்கும். மதுமேகம் என்னும் வடசொல் அந்நீர் தேன்போல் இனித்தலைக் குறிக்கும். கிரேக்க மொழிப் பெயரும் ஊடு கடந்து செல்லுதல் என்னும் பொருட்டு. சர்க்கரை நோய் என்று தமிழ்நாட்டாரும் சீனி வருத்தம் என்று ஈழத்தாரும் வழங்குவர். ஈழத்து வழக்கில் ‘வருத்தம்’ என்ற சொல் ஒன்றே உற்றவன் உணர்வைத் தொடுகிறது. ஏனையவெல்லாம் புறத்தே நின்று காண்பவன் கண்டவை. தணியாத வேட்கையோ, உண்டும் உடல் தேய்தலோ, எழுந்து நடக்கவும் இயலாத சோர்வோ எப்பெயரிலும் இல்லை. பெயர் விட்ட இடத்தை உற்றவன் கூற்றே நிரப்புதல் வேண்டும்.

கூற்று என்ற சொல்லைக் கருதியே ஆள்கின்றோம். ஒரே நிகழ்ச்சி தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் செவிலி கூற்றாகவும் வருமிடத்துப் பொருள் வேறுபடுதலை அகப்பாடல் பயின்றார் அறிவர். நோய் பற்றிய எழுத்திலும் அவ்வேறுபாடு உண்டு. 1922 சனவரியில் டொராண்டோ நகரின் பொது மருத்துவமனையில் முதன்முதல் இன்சுலின் பெற்ற லெனார்டு தாம்சன் 14 வயதினன். 11ஆம் நாள் இட்ட ஊசி எதிர்பார்த்த பயன் தரவில்லை. காலிப் தூய்மை செய்த மருந்தினை 23ஆம் நாள் தொடங்கி இட்டபோது குருதிச் சர்க்கரை இறங்கியது. இவ்வளவும் மருத்துவர் கூற்றால் அறிகின்றோம். முதல் ஊசி பயன்படாத இடைநாட்களில் அவன் உள்ளம் என்ன பட்டது என்பதனை அக்குறிப்புகள் கூறா. கூறுதல் அவற்றின் கடமையும் அன்று.

3. பிணியும் இளிவரலும்

பிணியை எம்மெய்ப்பாட்டின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் கொண்டார் என்பது கருதத்தக்கது. அழுகைக்கு அவர் கூறும் நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அச்சத்திற்கு உரியன அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. பிணி இவ்விரண்டிடத்தும் இல்லை. மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு சேர்த்து அதனை இளிவரலின்பால் வைத்தார். இளிவரலாவது தன்னைத் தாழ்ந்ததாகவோ பிறரைத் தாழ்ந்தாராகவோ உணரும் உணர்வு. அது தன்கண் தோன்றலும் உண்டு. பிறன்கண் தோன்றலும் உண்டு.

இவ்வமைப்பு எம் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாக அமைகிறது. நோயாளியின் எழுத்தில் நாம் கண்ணீரைத் தேடுகின்றோம். கண்ணீர் இல்லாதவிடத்து உணர்வு இல்லை என்று முடிவு செய்கின்றோம். நீண்ட நாள் நோயுற்றாரிடத்து முதற்கண் தோன்றுவது அழுகையன்று. உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்து உண்ண வேண்டிய தாழ்வு, பிறர் பந்தியில் தான் மட்டும் விலகியிருக்கும் தாழ்வு, தன் சிறுநீரைத் தானே சோதிக்கும் தாழ்வு ஆகியவையே அவரை முதலில் வாட்டுவன. இத்தாழ்வுணர்ச்சி வாய்விட்டு அழாது. பெரும்பாலும் வாய் மூடியிருக்கும். ஆதலின் நோயெழுத்தில் சொல்லப்பட்டதனோடு சொல்லாது விடப்பட்டதும் ஆராய்தற்கு உரியதாகும்.

4. எலிசபெத்தின் கடிதங்களும் மௌனமும்

எலிசபெத், அமெரிக்க அயலுறவு அமைச்சராயிருந்த சார்லஸ் இவான்ஸ் ஹியூஸின் மகள். 1919 இல், 11 வயதில், நோய் கண்டறியப்பட்டது. உடல் தானே இன்சுலின் சுரத்தல் ஒழிந்த வகையது அது. அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. உணவைக் குறைத்தால் சாவு தள்ளிப்போகும் என்பதே ஆலன் என்னும் மருத்துவர் கண்ட முறை. பட்டினியே மருந்தாயிற்று. ஏறத்தாழ 75 பவுண்டு எடையினளாயிருந்த சிறுமி, 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு வந்தபோது ஏறத்தாழ 45 பவுண்டாகத் தேய்ந்திருந்தாள். தன் 15ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னர் பேண்டிங் கையால் இன்சுலின் பெற்றாள். அந்நகரில் தங்கியிருந்த காலத்துத் தாய்க்கு எழுதிய கடிதங்கள் இன்று டொராண்டோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

அக்கடிதங்களின் பெரும்பொருள் உணவு. மூன்றாண்டுகட்கு மேலாக விலக்கப்பட்டிருந்த ரொட்டி மீண்டும் தட்டில் வந்தது. சில வாரங்களுள் 2,000 கலோரிக்கு மேல் உண்ணும் நிலை ஏற்பட்டது. அளவும் எடையும் உணவின் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. மேலோட்டமாகப் படிப்பார்க்கு இவை வெறும் பட்டியலாகத் தோன்றலாம். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. பட்டினியின்போது எண் என்பது மறுக்கப்பட்டதன் அளவு. இப்பொழுது அதே எண் கிடைத்ததன் அளவாகிறது. சொல் மாறாதிருக்க மெய்ப்பாடு மாறுகிறது. இம்மாற்றத்திற்கு உரியது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என அதற்குக் கூறப்பட்ட நான்கனுள் புதுமையும் ஆக்கமும் ஈண்டு ஒருங்கே நிற்கின்றன. தன் நிலை சொல்லுக்கு அடங்காத வியப்புடையது என்றே அவளும் தாய்க்கு எழுதினாள்.

சொல்லுக்கு அடங்காதது பின்னர்ச் சொல்லப்படாததாகவே ஆயிற்று. அவள் கல்லூரிக் கல்வி பெற்றாள். 1930 இல் மணம் புரிந்தாள். மூன்று மக்களைப் பெற்றாள். 1981 இல் மறையும்வரை ஏறத்தாழ 58 ஆண்டுகள் இன்சுலின் கொண்டாள். அந்நெடுங்காலத்தில் நெருங்கிய சிலரன்றிப் பிறர் தன் நோயை அறியாவாறு காத்தாள். நோய் பற்றிய எழுத்துச் சான்றுகளைத் தன்னால் இயன்றவரை அழித்தாள். இன்சுலின் வரலாற்றை எழுதிய மைக்கேல் பிளிஸ் 1980 இல் அவளைக் கண்டறிந்தபோதே அவள் இன்னும் வாழ்கின்றாள் என்பது ஆராய்ச்சியுலகிற்குத் தெரியவந்தது.

இம்மௌனத்தைக் கோழைமை எனல் தவறு. நாள்தோறும் தன் உடலில் ஊசி இட்டவளுக்குத் தறுகண் இல்லை என்பது பொருந்தாது. அவள் அஞ்சியது நோயையன்று. நோயுற்றவளை நோக்கும் பிறர் பார்வையை என்று கொள்வதே அமைவுடையது. அமைச்சரின் மகளாதலின் அவள் உடல்நிலை செய்தித்தாள்களில் வெளிவந்தது. நோய் ஒன்றே தன் பெயராகிவிடுதலை அவள் விரும்பவில்லை போலும். தன்கண் தோன்றிய இளிவரலை இன்சுலின் நீக்கியது. பிறன்கண் தோன்றுவதனை நீக்க மருந்து இல்லை.

5. சிறுவன் கடிதம்

டெடி ரைடரின் கடிதம் மிகச் சிறியது. 1922 கோடையில் பேண்டிங்கிடம் கொண்டுவரப்பட்டபோது அவன் ஆறு வயதும் நிரம்பாதவன். எலும்பும் தோலுமாக இருந்தான். மறு ஆண்டு தன் கையால் எழுதிய கடிதத்தில், தான் பருத்திருப்பதனையும் நலமாக இருப்பதனையும் மரமேற வல்லனாயிருப்பதனையும் மருத்துவர்க்குத் தெரிவித்தான். உவகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. மருத்துவக் குறிப்பேட்டில் எடையாகவும் சர்க்கரை அளவாகவும் நின்ற நலம், சிறுவன் கூற்றில் மரமேறுதலாக வெளிப்படுகிறது. நோய்நிலை உணர்த்தலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. இளிவரல் இன்னதென்று அறியாப் பருவமாதலின் அவன் எழுத்தில் மறைப்பு இல்லை.

6. லாரன்சும் கொடையும்

லாரன்ஸ் 1920 இல், இலண்டனில் இளம் மருத்துவராய் இருந்தபோது, நீரிழிவுற்றார். நெடுநாள் வாழ இயலாது எனத் தெளிந்து இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தம் எஞ்சிய நாட்களைக் கழிக்கச் சென்றார். 1923 இல், இன்சுலின் கிடைத்துள்ளது, பயன்படுகிறது, விரைந்து திரும்புக என்று நண்பர் ஒருவர் செய்தி விடுத்தார். நலிந்த உடலோடு தாமே காரோட்டி ஐரோப்பாவைக் கடந்து இலண்டன் அடைந்த லாரன்ஸ், மே 31 இல் முதல் ஊசி பெற்றார்.

இத்தகைய வரலாறு உடையவர் தன்வரலாறு எழுதியிருப்பின் வியப்பில்லை. அவர் 1925 இல் எழுதியது தன்வரலாறு அன்று. மருத்துவர்க்கும் நோயாளிக்கும் ஒருங்கே பயன்படும் கைந்நூல். மாப்பொருளைக் கறுப்புக் கூறாகவும், புரதமும் கொழுப்பும் உடையவற்றைச் சிவப்புக் கூறாகவும் பகுத்து, இரண்டனையும் இணைத்து உண்ணும் முறை ஒன்றை அவர் வகுத்தார். கணக்கறியாதாரும் தம் உணவைத் தாமே அமைத்துக்கொள்ள அஃது உதவியது. ஈண்டு ‘யான்’ என்பது மறைந்து ‘நீ’ என்பது முன்நிற்கிறது. தான் பட்டது பிறர்க்கு வழியாக மாறுகிறது. உற்றவன், தீர்ப்பான், பேணுவான் என்னும் மூவரும் இந்நோயில் ஒருவனே ஆதல் வேண்டும் என்பதனை அந்நூலின் அமைப்பே காட்டுகிறது.

பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் கூறிய நான்கு, கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. தன் நோயைக் கற்றல் கல்வி. நாள்தோறும் ஊசியை ஏற்றல் தறுகண். இவ்விரண்டும் எலிசபெத்துக்கும் உண்டு. லாரன்சை வேறுபடுத்துவது கொடை. 1934 இல், தம்மிடம் மருத்துவம் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் சேர்ந்து நீரிழிவுற்றார் சங்கத்தை அவர் நிறுவியதும் அக்கொடையின் தொடர்ச்சியே. ஒருவர் பட்டறிவு மற்றொருவர்க்குச் செல்லும் வாயில் அதனால் திறந்தது. இளிவரல் பெருமிதமாக மாறும் இடம் நோய் நீங்கும் இடமன்று. நோய் பற்றிய சொல் பிறர்க்குப் பயன்படும் இடம்.

7. தடையும் விடையும்

இம்முடிவிற்கு இரு தடைகள் எழும். முதலாவது, நோயுற்றார் எல்லாரும் தம் நிலையை வெளியிட்டே ஆகவேண்டுமோ என்பது. வேண்டா என்பதே விடை. கொடை விருப்பத்தால் நிகழ்வது; கட்டாயத்தால் நிகழ்வது திறை. பெருமிதக் கதைகளையே எதிர்பார்க்கும் படிப்போர், துணிவு காட்டாத நோயாளிக்குப் புதியதோர் இளிவரலை விளைப்பர். எலிசபெத்தின் மௌனத்தையும் ஒரு கூற்றாகவே மதித்தல் வேண்டும்.

இரண்டாவது தடை வலியது. எம் சான்றுகள் யாவும் பிழைத்தார் எழுத்துகள். பரிமேலழகர் உற்றவனுக்குப் பொருளுடைமையை முதற்கண் கூறினார். கண்டுபிடித்தோர் இன்சுலின் உரிமத்தை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலர் விலைக்கு அளித்தனர். ஆயினும் தொடக்கத்தில் மருந்து மிகச் சிறிதே கிடைத்தது. அதனை அடையும் வாய்ப்புப் பலருக்கு இல்லை. மருந்து எட்டாது மாண்ட சிறார் எழுதிய கடிதங்கள் எம் முன் இல்லை. ஆதலின் இம்மூவர் எழுத்தைக் கொண்டு நீரிழிவுற்றார் அனைவர் உள்ளத்தையும் அளந்துவிட்டோம் எனல் ஆகாது.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன மூன்று. ஒன்று, நோயெழுத்தை அழுகையை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. இளிவரலே அதன் அடிநிலை மெய்ப்பாடு. இரண்டு, அளவும் எண்ணும் உணவுப் பெயரும் இவ்வகை எழுத்தில் உணர்வைத் தாங்கும் சொற்கள். மூன்று, கொடையால் அவ்விளிவரல் பெருமிதமாக மாறவல்லது.

2023 இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுற்றார் தொகை 10 கோடிக்கு மேற்படும். அவருள் மிகப் பலர்க்கு வந்தது மேற்கூறிய மூவர்க்கும் வந்த வகையன்று. பெரும்பாலும் நடுவயதில் மெல்லத் தோன்றும் இரண்டாம் வகை. அவ்வகையாரை வருத்தும் இளிவரலும் வேறு. வாய் அடக்காமையால் வந்தது, சோம்பலால் வந்தது என்னும் பழிச்சொல் அவர்மேல் விழுகிறது. மரபும் நோய்க்குக் காரணமாதல் அறிந்த இந்நாளிலும் அப்பழி நீங்கவில்லை. திருமண வீட்டில் இனிப்பை மறுப்பதற்குப் பொய்க் காரணம் கூறுவாரை நாம் அனைவரும் அறிவோம்.

அன்னார் தம் நோயை முதன்முதல் அறிந்த நாளைப் பற்றியும், அதன்பின் உண்டு வாழ்ந்த நாட்களைப் பற்றியும் தமிழிற் கூறுவனவற்றை, அவர்தம் இசைவு பெற்று, அவர் சொற்களிலேயே தொகுத்தல் வேண்டும். ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று ஒருவர் கூறும்போது அவ்விருத்தலின் பொருள் என்ன என்பது மொழியாராய்ச்சிக்கும் உரிய வினா. மெய்ப்பாட்டாராய்ச்சிக்கும் உரிய வினா. நோய்நிலை உணர்த்தும் வன்மையை உற்றவனுக்கு இயல்பாக நம் உரைமரபு வகுத்துவிட்டது. அவன் உணர்த்துங்கால் கேட்கும் வன்மை நம்பால் வளர்தல் வேண்டும்.