'டக்' என்று ஒரு சத்தம்

திருமயம் கோட்டை வாசலில் எங்கள் வண்டிக்கு மாற்று ஓட்டுநர் வந்தார். ஏறியதும் சாவியைத் திருகவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி முன்னால் நகர்ந்தார், 'டக்'. பிறகு இடுப்பால் ஓர் உலுக்கு, பூட்டு விழுந்ததா என்று பார்க்க. அந்த உலுக்கல்தான் எனக்குப் பிடித்தது. பூட்டு விழாத சீட்டு, வண்டி ஓடும்போது பின்னால் வழுக்கினால் பிரேக்குக்குக் கால் எட்டாது.

கிளட்சை முழுக்க மிதித்தும் முழங்கால் லேசாக மடிந்திருந்தது. முதுகு சீட்டில் ஒட்டியபடியே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட்டது. ஏர்பேக் வண்டியில் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது வேண்டும், இருந்தது. கண்ணாடிகள் கடைசியில்தான். சீட்டு நகர்ந்தால் பார்வையும் மாறுமே!

அம்பாசடர் காரின் பழைய பெஞ்சு சீட்டில் இந்த வசதி இல்லை. ஓட்டுநர் மட்டும் தனியாக நகர முடியாது; முதுகுக்குத் தலையணைதான்.

எங்கள் ஓட்டுநர் பெல்ட்டைப் போட்டார். காரைக்குடி சாலையில் ஏறினோம். எல்லாவற்றுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.