மூடுபனிக்குள் மறைந்த மனிதர்: ரிவர்ஸ்டனும் நமது காலநிலைக் கதைகளும்

டித்வாப் புயலுக்குப் பிறகு மாணவர் சிறுகதைப் போட்டியொன்றுக்கு நடுவராக இருக்க நேர்ந்தது. காலநிலை மாற்றம்தான் தலைப்பு. வந்த கதைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. மரம் பேசும்; ஆறு அழும்; பேராசைக்காரன் காட்டை வெட்டுவான்; கடைசிப் பந்தியில் ஒரு சிறுவன் மரக்கன்று நடுவான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வாசிக்கும் எங்கள் எழுத்தும் அப்படித்தானே இருக்கிறது! அப்படி எழுதப் படிப்பித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு கதை மட்டும் வேறாக இருந்தது. அதில் ஒரு மூதாட்டி மழை இரவில் வீட்டாரை எழுப்புகிறார். "ஊத்துத் தண்ணி கலங்கிச்செண்டா இந்த ஊட்டுல படுக்க வாணாம்" என்கிறார். மகன் மறுக்கிறான், சாமான்களை விட்டுப் போக மருமகளுக்கு மனமில்லை. அரை மணித்தியாலச் சண்டை. பிறகு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்ப் படுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. 'கருத்து தெளிவில்லை' என்று எழுதி நான் புள்ளியைக் குறைத்தேன். அந்தத் தீர்ப்பு பிழை என்பதை ஒத்துக்கொள்ளவே இக்கட்டுரை.

ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, வற்றிப்போவது, மரங்கள் சாய்வது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழுவது எல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்பவை இவைதான். கதையின் மூதாட்டி அதை அனுபவத்தால் அறிந்திருந்தாள். காலநிலைக்கு முகம்கொடுக்க ஒரு சமூகத்திடம் உள்ள அறிவு என்பது இதுதான். அது முழக்கமாக வராமல் ஒரு குடும்பச் சண்டையாக வந்ததால் எனக்குக் கண் தெரியவில்லை.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் மேடையேறியது. மறு வருடம் பாலசந்தர் அதைப் படமாக்கினார். வறண்ட அத்திப்பட்டிக்குத் தண்ணீர் கொண்டுவர ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டப் புறப்படுகிறது. தீர்வு மக்களிடமே இருக்கிறது. ஆனால் அதிகாரம் குறுக்கே நிற்கிறது. யார் உழைத்தார்கள், யார் தடுத்தார்கள், தோற்றபோது யார் விலை கொடுத்தார்கள் என்பதை மறைக்காததால்தான் அந்நாடகம் இன்னும் பேசப்படுகிறது. கடைசியில் எல்லோரும் கைகோர்த்து மரம் நட்டிருந்தால் அதை எப்போதோ மறந்திருப்போம்.

இந்த அளவுகோலோடு எங்கள் மாவட்டத்து ரிவர்ஸ்டனைப் பார்க்கிறேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறினால் மூடுபனியும் காற்றும். இறங்கினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, இலுக்கும்புர. ஒரே பாதையில் ஈர மலையும் உலர்ந்த சரிவும். இந்த மலைத்தொடர் நக்கிள்ஸ். உள்ளூர்ப் பெயர் தும்பறை. 2010இல் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இதைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் முகநூல் காணொளிகளிலும் பனி உண்டு, அருவி உண்டு, தேநீர்க் கோப்பையும் உண்டு. மனிதர் இல்லை.

அந்த மனிதர்களின் கதை எளிதானதல்ல. காட்டு நிழலின் கீழ் ஏலம் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் அங்குண்டு. அடிக்காட்டை வெட்டித்தான் ஏலம் வைக்க வேண்டும். காயை உலர்த்த விறகும் எரிக்க வேண்டும். இதனால் காடு கெட்டது உண்மை. 2000ஆம் ஆண்டு இது பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே பயிர்செய்கை தடையானது. காட்டுக்கு நல்லது நடந்தது. ஏலத்தை நம்பியிருந்த அடுப்புக்கு என்ன நடந்தது? இரண்டு நியாயங்களும் மோதுமிடத்தில்தான் கதை பிறக்கிறது. நாமோ 'காட்டைக் காப்போம்' என்று சுவரொட்டி வரைந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

"கதை மக்களுக்கு வழிகாட்ட வேணாமா சேர்?" என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் வழி எப்படிக் காட்டப்படுகிறது? நூஹ் நபியின் சரிதையைப் பாருங்கள். கப்பல் கட்டும்போது சமூகத் தலைவர்கள் கடந்து போகையிலெல்லாம் பரிகசித்ததையும் குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. அவரது மகனே ஏறவில்லை. காப்பாற்றும் வழி கண்முன் இருந்தும் மனிதன் ஏன் அதில் ஏறுவதில்லை என்பதே அங்கு நம்மை உலுக்குவது.

மழைமானியையும் அப்படி எழுதலாம். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டினால் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தால் வெளியேற்றம் என்பது மண்சரிவு எச்சரிக்கையின் படிநிலை. இது தகவல். நடுச்சாமத்தில் டோர்ச்சோடு போய் அதைப் பார்ப்பது யார், 140இல் நிற்கும்போது நோயாளி வாப்பாவைத் தூக்குவதா விடுவதா, போன முறை வெளியேறி ஒன்றும் நடக்காததால் ஊர் சிரித்ததே, இந்த முறை யார் கதவைத் தட்டுவது என்பவை கதை. தகவலைத் துண்டுப்பிரசுரம் சொல்லும். சிரிப்புக்குப் பயந்து தட்டாமல் விட்ட கதவைப் பற்றி இலக்கியம்தான் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் எங்கள் மாவட்டத்திலும் மலை இறங்கியது. அந்த இரவுகளைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுத்தாளர்கள் அவர்களிடம் கவிதை கேட்கப் போக வேண்டாம். எப்போது வெளியேறினீர்கள், யார் சொன்னது, யார் கேட்கவில்லை என்று கேட்கப் போகட்டும்.

அடுத்த தவணை என் வகுப்பில் கதை எழுதச் சொல்வதற்கு முன் பிள்ளைகளை ஒரு மழைமானி செய்யச் சொல்லப் போகிறேன். ஒரு மாதம் அளக்கட்டும். அளக்க மறந்த நாளையும் கொப்பியில் எழுதட்டும். அந்த மூதாட்டியின் கதையை எழுதிய பிள்ளையிடம் புள்ளியைத் திருத்திக் கொடுக்க இனி வழியில்லை. கதையை மறுபடி வாசித்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.