யாருடைய மருத்துவர்?

ஆண்டுச் சந்தா கட்டினால் நமக்கென்றே ஒரு மருத்துவர். இரவு பதினொரு மணிக்கும் போனை எடுப்பார். வரிசையில் உட்கார வேண்டாம். நம் பழைய நோய்கள், நம் அம்மாவின் சர்க்கரை, நமக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை எல்லாம் அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் இதைக் ‘கன்சியர்ஜ் மருத்துவம்’ என்கிறார்கள். நட்சத்திர விடுதியில் விருந்தினர் கேட்பதையெல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஊழியருக்குத்தான் கன்சியர்ஜ் என்று பெயர். 1996இல் சியாட்டில் நகரில், அவ்வூர்க் கூடைப்பந்து அணியின் மருத்துவராக இருந்த ஹோவர்ட் மாரன் இதைத் தொடங்கிவைத்தார். 2000இல் வந்த எம்.டி.வி.ஐ.பி. நிறுவனம் ஒரு மருத்துவருக்கு 600 பேர் என்று எல்லை வகுத்தது. நம் பெருநகரங்களிலும் இப்போது இதன் சாயலில் குடும்ப மருத்துவச் சந்தாக்கள் விற்பனைக்கு வந்துவிட்டன.

அப்படி ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் ஆலோசனைகளைத் தேடிப் படித்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும்? அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? அவசரத்துக்குக் கிடைப்பாரா? எந்த மருத்துவமனையோடு தொடர்பு வைத்திருக்கிறார்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றைக் கேட்பவர் யார் என்பதில் அந்த ஆலோசனைகளுக்குச் சந்தேகமே இல்லை. நோயாளி, பணம் கொடுப்பவர், முடிவெடுப்பவர் மூவரும் ஒருவரே என்று அவை எண்ணிக்கொள்கின்றன. உடுமலைப்பேட்டையில் நான் அறிந்த பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த மூவரும் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

சந்தா மருத்துவத்தை ஆசைப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். அது விற்கும் சரக்கு நேரம். 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழ் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு நோயாளியிடம் மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் காய்ச்சலைச் சொல்லிவிடலாம். வெள்ளைப்படுதலை, படுக்கையறை வலியை, முதுகில் இருக்கும் அடியின் தடத்தை எப்படிச் சொல்வது? அதுவும் பக்கத்து நாற்காலியில் மாமியார் இருக்கும்போது? பெண்களின் நோய்கள் மெதுவாகத்தான் வாய்க்கு வரும். அதனால் நேரத்துக்கு விலை வைக்கும் எந்த ஏற்பாடும் முதலில் பெண்களையே வெளியில் நிறுத்துகிறது.

நேரம் கிடைத்தாலும் அது யாருக்குக் கிடைக்கிறது? எங்கள் பக்கத்தில் மருத்துவரிடம் போவது குடும்பக் காரியம். எந்த டாக்டர், என்றைக்கு, எவ்வளவு செலவில் என்பதைக் கணவரோ மாமனாரோ பேசி முடிக்கிறார்கள். ‘நம்மாளு’ என்ற சொல்லில் சாதியும் சேர்ந்தே வருகிறது. பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் கணவரைப் பார்த்துப் பேசுகிறார், கணவர் “என்னங்க டாக்டர் பண்றது?” என்கிறார். நடுவில் உட்கார்ந்திருப்பவள் தன் உடம்பைப் பற்றிய உரையாடலுக்குச் சாட்சி மட்டுமே. துணையைத் தானே தேர்ந்தெடுத்ததற்காக, 2016 மார்ச் 13 அன்று கௌசல்யாவின் கண்முன்னே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர் இது. கௌசல்யாவும் வெட்டுப்பட்டு உயிர்பிழைத்தார். ‘பெண்ணே, நீயே தேர்ந்தெடு’ என்று இங்கே அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது.

என் சித்தி நூல் மில்லில் வேலை பார்த்தவர். 37 வயதில், அதிக ரத்தப்போக்கு என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். இரண்டாவது முறை போனபோதே கருப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். “ரெண்டு புள்ளைக இருக்குதுங்களே, இனி அது எதுக்குங்க?” என்று எல்லோரும் அவருக்குச் சொன்னார்கள். வேறு சிகிச்சை உண்டா என்று கேட்கும் இடம் அவருக்குத் தரப்படவில்லை. படிவத்தில் முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது. அந்தக் கையெழுத்து வெறும் ஊர் வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளைப் படித்தேன். மலட்டுத்தன்மை உண்டாக்கக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் தேவை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கணவருக்குச் சாவி கொடுத்தது விதிப்புத்தகமும்தான்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெல்லியில் 1995இல், வெறும் பரிசோதனைக்காக மயக்க மருந்து பெற்ற 44 வயதுப் பெண் சமீரா கோலி. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்புதல் செல்லாது என்றது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அவள் அம்மாகூடக் கையெழுத்திட முடியாது.

சந்தா முறையை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு நல்ல வாதம் வைப்பார்கள்: அறுவைக்கு இவ்வளவு என்று வாங்காமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் மருத்துவருக்குத் தேவையில்லாத கத்தியில் லாபம் இல்லை. உண்மைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். இந்த இடைவெளிக்குப் பெண்களின் இடுப்பெலும்பு காரணமாக இருக்க முடியாது. ஆனால் சந்தாவைக் கட்டுபவர் கணவர் என்றால், அந்த மருத்துவர் யாருக்குப் பதில் சொல்வார்?

முதலாளி கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் சுமார் 100 பேரிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரே அச்சிடாத மாத்திரைகள் வேலையிடத்தில் தரப்பட்டன. மெஷினை விட்டு எழுந்திருக்காமல் இருக்க அந்த மாத்திரை. வலியைக் கேட்கவும் ஆளில்லை, மாத்திரையின் பெயரைச் சொல்லவும் ஆளில்லை.

சந்தா மருத்துவம் மேல்தட்டுச் சங்கதி என்று நினைக்கும் மில் பெண்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். 12,000 ரூபாய் சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். ஆக மாதம் 480, ஆண்டுக்கு 5,760 ரூபாய் உங்கள் பெயரில் போகிறது. இதுவும் முன்கூட்டியே கட்டும் மருத்துவச் சந்தாதான். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு, உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் 26 வாரப் பேறுகால ஊதியமும் உண்டு. ஆனால் சந்தாதாரருக்குரிய மரியாதை? பனியன் தொழிலின் தலைநகரான திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 பிப்ரவரியில்தான். வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக் கொடுக்கும் பெண்களோ இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. பணக்காரரின் சந்தா அவருக்கு மருத்துவரின் கைபேசி எண்ணை வாங்கித் தருகிறது. தொழிலாளியின் சந்தா ஒரு டோக்கனை வாங்கித் தருகிறது. அவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த டோக்கனோடு காத்திருக்கிறார்.

ஆகவே, மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்பது என் கருத்து. கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி என்னோடு தனியாகப் பேசுவாரா? என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாரா? வேறு சிகிச்சைகளையும், ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்குவாரா? கேட்டால் என் மருத்துவக் குறிப்புகளைத் தருவாரா? 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதிகள் சொல்கின்றன. கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும் என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம்; அவள் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தம். அப்படியிருந்தும் ‘வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்புபவர், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும், நமக்கான மருத்துவர் ஆக மாட்டார்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட ஆண்டுச் சந்தா தேவையில்லை. அரசு மருத்துவமனையிலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் இவற்றைக் கேட்கலாம். ஒருத்தி கேட்டால் ‘வாய் நீளம்’ என்பார்கள். ஷிப்டில் இருக்கும் நாற்பது பேரும் சங்கத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கட்டியவர்கள் நாம்.