துக்கியும் தோகையும்: ஒலியொப்புமை சான்றாகுமா?

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் தமிழருக்குப் 'பள்ளம்' என்ற சொல் நினைவில் எழுதல் இயல்பே. அந்நினைவு ஆய்வுக்கு ஒரு தூண்டுதலாகலாம், முடிவாகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையால் தமிழாய்வில் நிலைத்துவிட்ட கருத்தொன்றை இங்கு நோக்குவோம். விவிலியத்தின் 'துக்கி' என்னும் சொல் தமிழ்த் 'தோகை'யே என்பது அது.

சாலொமோன் மன்னனுக்குத் தர்ஷீஸ் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களைக் கூறுமிடத்து, முதலாம் இராஜாக்கள் நூலும் (10:22) இரண்டாம் நாளாகமமும் (9:21) இச்சொல்லைப் பன்மை வடிவில் ஆளுகின்றன. எபிரேய வேதத்தில் வேறெங்கும் இது வருவதில்லை. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்ட்வெல், இதனைத் தோகையுடன் இணைத்து, எழுத்தாவணங்களிற் காணப்படும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவே எனக் கருதினார். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் மேலும் சென்று, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றின் எபிரேயப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களோடு ஒத்தவை என்றும், தர்ஷீஸ் காலித் துறைமுகமே என்றும் வாதிட்டார்.

டெனன்றின் கூற்று எளிதில் தளர்ந்துவிடுகிறது. எபிரேயக் 'கோஃப்' என்பதற்கு ஒப்பாகக் காட்டத்தக்க 'கவி'யும், தந்தத்தைக் குறிக்கும் சொல்லின் ஈற்றுப் பகுதிக்கு ஒப்பாகக் காட்டத்தக்க 'இப'மும் வடமொழியின்வழி தமிழுக்கு வந்தவை. எஞ்சுவது தோகை ஒன்றே.

அதற்குச் சார்பான நியாயங்கள் இல்லாமலில்லை. மயில் தென்னாசியப் பறவை. இந்திய வணிகர் பாவேரு நாட்டுக்கு மயில் கொண்டுசென்றதாக ஜாதகக் கதையொன்றும் உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் தொடங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் 'மயில்' என்ற பொருளே உள்ளது.

ஆயின் அப்பொருளே உறுதியானதன்று. கிரேக்க மொழிபெயர்ப்பின் பழைய படிகளில், இராஜாக்கள் நூலின் இவ்விடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்களே கூறப்படுகின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான யோசேப்பு இதே பட்டியலில் எத்தியோப்பியரைக் குறிப்பிடுகிறார். இருபதாம் நூற்றாண்டில் ஓல்பிரைட், எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைச் சுட்டும் சொல்லுடன் பெண்பாற் சுட்டு முன்னே சேர்ந்து இச்சொல் பிறந்தது என விளக்கினார். 'கோஃப்' என்பதற்கும் எகிப்திய ஒப்புமை உண்டு. ஆகவே இரு சொற்களுக்கும் ஒரே வழியில் விளக்கம் கிடைக்கிறது. இதன்படி கப்பலில் வந்தவை இருவகைக் குரங்குகள், மயில் வரவேயில்லை.

உயிரொலிகள் பொருந்தவில்லை என்ற மறுப்பைத் தோகைக் கட்சியினர் எளிதில் ஒதுக்கலாம். எபிரேய ஏட்டில் உயிர்க்குறிகள் இடப்பட்டது கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையிலேயே. ஆயினும் இவ்வாதம் இருபுறமும் வெட்டும் வாள். உயிர்களை நீக்கினால் எஞ்சுவன மூன்று மெய்களே. தற்செயல் ஒப்புமைக்கு இடம் அதிகரிக்கிறது. மேலும் தோகை அடிப்படையில் வாலையும் இறகையும் குறிப்பது. பறவைக்கு அது ஆகுபெயர். மயில், மஞ்ஞை என்னும் நேர்ப்பெயர்கள் இருக்க, வணிகர் ஆகுபெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது ஏன் என்ற வினாவுக்கு நிறைவான விடை இல்லை. தமிழ் விவிலியமும் இவ்விடத்தில் 'மயில்' என்றே மொழிபெயர்க்கிறது.

இத்தகைய சொல்வேட்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1830இல் வெளிவந்த மோர்மன் நூலில் 'தெசரெத்' என்னும் சொல்லுக்குத் 'தேனீ' என்ற பொருள் அந்நூலிலேயே தரப்பட்டுள்ளது. ஹியூ நிப்லி என்னும் அச்சமயத்து அறிஞர் அதனை எகிப்தியச் செம்முடியின் பெயரோடு தொடர்புபடுத்தினார். அச்சமயத்துக்குப் புறம்பான மொழியியலாளர் அதனை ஏற்றிலர். அங்கே நூலின் தொன்மையை நிறுவ ஒரு சொல் சாட்சிக்கு அழைக்கப்பட்டது; இங்கே மொழியின் தொன்மையை நிறுவ. நோக்கங்கள் வேறு, முறை ஒன்று.

இவ்விடத்தில் பல்லேகமவுக்கு மீள்வோம். சிங்களத்தில் 'பல்லே' கீழ்ப்பகுதியையும் 'கம' ஊரையும் குறிக்கும். மாத்தளையின் பழைய நிருவாகப் பிரிவுகளான உடசிய பத்து, பல்லேசிய பத்து என்பவற்றில் மேலும் கீழும் இணைகளாக அமைவது இப்பொருளை உறுதிசெய்கிறது. 'பல்லே'யும் 'பள்ள'மும் வேரால் உறவுடையனவா என்பது தனி ஆய்வுக்குரியது. உறவு நிறுவப்பட்டாலும் அது இரு மொழிகள் அருகருகே வாழ்ந்ததையே காட்டும். ஊரை முதலில் அமைத்தவர் யார் என்பதைக் காட்டாது. ஊர்ப்பெயர்களை நிலவுரிமைப் பத்திரங்களாக இரு தரப்பினரும் விரித்துவைக்கும் இந்நாட்டில் இவ்வேறுபாடு ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது, வந்தேறிகள் என்ற வாதமே அவர்கள்மேல் ஏவப்பட்டது. முன்னோர் முதலில் வந்தனரா என்பதை உரிமைக்கு அளவுகோலாக்கும் வாதத்தை நாம் ஒருபுறம் எதிர்த்து, மறுபுறம் நமக்குச் சாதகமாக எடுத்தாளுதல் தகாது.

துக்கி தோகையாகவும் இருக்கலாம். அதனை முற்றாக மறுக்க நாம் முனையவில்லை. ஐயத்துக்குரிய ஒரு கருதுகோளாக அது பாடநூல்களில் இடம்பெறட்டும். நிறுவப்பட்ட உண்மையாக இடம்பெறுதல் கூடாது. தமிழின் பெருமைக்குச் சாலொமோனின் கப்பல் வேண்டுவதில்லை.