தாரைவார்ப்பும் அத்துமீறலும்: கச்சத்தீவுச் செய்திமொழியில் உடைமையும் அடையாளமும்

முன்னுரை

பாக்கு நீரிணையில் ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய கச்சத்தீவில் நிலையான குடியிருப்பு இல்லை. புனித அந்தோணியார் ஆலயத் திருவிழாவே இரு கரை மக்களையும் அங்கு ஒன்றுகூட்டுகிறது. எனினும் அரை நூற்றாண்டாக இத்தீவு நாளிதழ்களின் நிலையான பேசுபொருளாக இருந்து வருகிறது. இது குறித்த விவாதங்களில் உடன்படிக்கை ஆவணங்கள் பெறும் கவனத்தைச் செய்திமொழி பெறுவதில்லை. அம்மொழியின் சொற்களே உடைமை உணர்வையும் அடையாளத்தையும் கட்டமைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாரைவார்ப்பு என்னும் சொல்

1974 ஜூன் மாதத்தில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, தீவுக்கு மேற்கே எல்லைக்கோட்டை வகுத்தது. இதனைத் தமிழக இதழ்கள் ‘தாரைவார்ப்பு’ எனச் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. தாரைவார்த்தல் என்பது நீர் வார்த்துத் தானம் செய்யும் சடங்கு. கொடுப்பவர்க்கு ஐயமற்ற உடைமை இருந்தாலன்றித் தானம் நிகழாது. நடுவணரசோ 2013இல் உச்ச நீதிமன்றத்தில், எல்லை வரையறுக்கப்படாத, பிணக்கிலிருந்த பகுதியாதலால் இந்திய நிலப்பரப்பு எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்றது. இராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களைக் கொண்டு இதனை மறுப்போர்க்கு வலுவான வாதம் உண்டு. ஆனால் ‘தாரைவார்ப்பு’ அவ்வாதத்தையே தேவையற்றதாக்குகிறது. நிறுவ வேண்டியதை நிறுவப்பட்டதாகக் கொள்கிறது.

இச்சொல் மறைப்பதும் ஒன்றுண்டு. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் இசைவின்றி மீன்பிடிக்கலாகாது என வரையறுத்தது 1976ஆம் ஆண்டின் கடிதப் பரிமாற்றமாகும். மீனவர் வாழ்வை நேரடியாகத் தொட்ட அந்நிகழ்வுக்கு இத்தகைய உணர்ச்சிமிக்க சொல் வாய்க்கவில்லை. பொதுநினைவிலும் அது ஊன்றவில்லை.

2024 மார்ச் இறுதியில், மக்களவைத் தேர்தலை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் பெறப்பட்ட ஆவணங்களை முன்வைத்து ஆங்கில நாளிதழொன்று வெளியிட்ட செய்தியைப் பிரதமர் பகிர்ந்தார். அதுவரை ஒரு மாநிலத்தின் மனக்குறையாக ஒலித்தது, தேசத்தின் இழப்பாக மறுவடிவம் பெற்றது.

ஒரு மொழி, இரு தொடர்கள்

ஒரே கைது நிகழ்வை இரு கரைத் தமிழ் இதழ்களும் வெவ்வேறு தொடரமைப்பில் தருகின்றன. தமிழக இதழ்களில் ‘எல்லை தாண்டியதாகக் கூறி’ எனும் தொடர் பயில்கிறது. யாழ்ப்பாண இதழ்களில் ‘அத்துமீறி நுழைந்த’ எனும் பெயரெச்சம் பயில்கிறது. முன்னது செயலைப் பிறர் கூற்றாக்கி ஐயத்தில் நிறுத்துகிறது. பின்னது அதனை முடிந்த உண்மையாக்குகிறது. குற்றம் நிறுவப்படும்வரை முன்னது நேரிய எச்சரிக்கையே எனலாம். ஆயினும் அதே எச்சரிக்கை கடற்படை மீதான குற்றச்சாட்டுகளுக்கு எப்போதும் கடைப்பிடிக்கப்படுவதில்லை.

பெயரிடலும் வேறுபடுகிறது. இங்கு ‘தமிழக மீனவர்’ எனப்படுவோர் அங்கு ‘இந்திய மீனவர்’ ஆகின்றனர். இங்கு எதிர்நிற்பது ‘இலங்கைக் கடற்படை’ மட்டுமே. போர்க்காலக் கட்டுப்பாடுகளால் கடலை இழந்து, 2009க்குப் பின் மீண்டும் தொழிலுக்குத் திரும்பிய வடபுலத் தமிழ் மீனவர் இச்சித்திரத்தில் இடம்பெறுவது அரிது. அவர்களது முதன்மை முறையீடு தீவைப் பற்றியதன்று. வலைகளை அறுத்துக் கடலடியைச் சுரண்டும் இழுவைமடியைப் பற்றியது. இலங்கை அதனை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தமிழகச் செய்தியிலோ ‘விசைப்படகு’ எனும் பொதுச்சொல் மடியின் வகையை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

மொழியால் ஒன்றுபட்ட இரு மீனவச் சமூகங்களைச் செய்திமொழி இரு தேசங்களின் பிரதிநிதிகளாக்குகிறது. தமிழக மீனவரின் உயிரிழப்பும் சிறைவாசமும் மெய்யானவை. வடபுல மீனவரின் வாழ்வாதார இழப்பும் அத்தகையதே. ஒன்றைக் கூறும் சொல் மற்றொன்றைக் கூற இயலாததாக இருப்பதே சிக்கல். நாளிதழ்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் ‘தாரைவார்ப்பு’, ‘அத்துமீறல்’ ஆகியவற்றைத் தம் நடையிலும் அப்படியே எடுத்தாளுமாயின், அவை ஆராய வேண்டிய வழக்கில் ஒரு தரப்பாகிவிடும். இரு கரை இதழ்களையும் அருகருகே வைத்துப் படிப்பதே அதற்குரிய முதல் மாற்றாகும்.