பாலைவனத்திலும் முழு சிக்னல்

மோட்டார்ஹோமில் குடியிருந்துகொண்டு ஒழுங்காக ஆபீஸ் வேலை பார்க்க முடியுமா, சாயங்காலம் நிம்மதியாக டிவி பார்க்க முடியுமா என்று யார் கேட்டாலும் வண்டியின் பின்பக்க ஏணியைக் காட்டி, "ஏறிப் பாருங்க" என்பேன். எங்கள் கூரையில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. ஒன்று வானத்தோடு பேசுகிறது. ஒன்று செல்போன் டவரைப் பிடிக்கிறது. மூன்றாவது, எங்கோ மலையுச்சியில் நிற்கும் டிவி கோபுரத்துக்குக் காது கொடுக்கிறது. அமெரிக்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த எந்த அபார்ட்மென்ட்டிலும் இவ்வளவு நம்பகமான ஏற்பாடு இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சின்ன டிஷ், ஸ்டார்லிங்க் மினி. 2024இல் வந்தது. ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பலகை, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், ரௌட்டரும் உள்ளேயே. அதன் அருமை தெரிய வேண்டுமானால் குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டுக்குப் போக வேண்டும். ஊருக்குத் தெற்கே லா போசா என்று மத்திய அரசின் நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே பெர்மிட்டில் அங்கே தங்கலாம். கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது, வாசலில் குழாய் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் சரளையும் கள்ளியும்தான். ஜனவரியில் ஆர்வி எனப்படும் குடியிருப்பு வண்டிகளின் கண்காட்சி நடக்கும்போது வண்டிகள் வந்து குவியும். அப்போது போனில் ஃபுல் டவர் காட்டும், ஆனால் ஒரு போட்டோகூட இறங்காது. இருக்கும் டவர்களை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் எங்கள் மினி தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

பழைய சாட்டிலைட் இன்டர்நெட்டைப் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். அந்தச் சாட்டிலைட்டுகள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகிறவை. நாம் ஒன்று கேட்டு அதற்குப் பதில் வர, அந்தத் தூரத்தை நாலு முறை கடக்க வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் அரை நொடி காலி. பேசினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் விழுவார்கள். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் ஏறத்தாழ 550 கிலோமீட்டரில் பறக்கின்றன, அதனால் அந்தத் தாமதமே தெரிவதில்லை. அவ்வளவு கீழே இருப்பதால் அவை வானத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டிஷ்ஷோ அசையாமல், உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்களின் துணையோடு தன் கதிரை மட்டும் திருப்பி, ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கைமாற்றம் நடக்கிறது. எனக்கே தெரியாது என்றால் மீட்டிங்கில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

அங்கே மாலை ஏழு என்றால் திண்டுக்கல்லில் காலை ஏழரை. அம்மா காபியோடு வந்து உட்காரும் நேரம். முதல் தடவை லா போசாவிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டபோது அம்மா சொன்னது: "ஏண்டி, பாலைவனத்துல கெடக்கேன்னு சொன்ன? எதிர்த்தாப்புல உக்காந்து பேசுற மாதிரியில்ல இருக்கு!"

மினியை நான் இவ்வளவு கொண்டாடக் காரணம் வேகம் மட்டும் இல்லை, அது தின்னும் கரன்ட்டும்தான். சாதாரணமாக 25 முதல் 40 வாட்டுக்குள் முடித்துக்கொள்கிறது. சராசரியாக 30 வாட் என்று வைத்தால், நாள் முழுக்க ஓடினாலும் 720 வாட்‌-அவர். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1,280 வாட்-அவர் இருக்கும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் இது 12 முதல் 48 வோல்ட் வரை நேராக வாங்கிக்கொள்ளும், இன்வர்ட்டரே வேண்டாம். வயர் மட்டும் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், டிஷ் திடீர் திடீரென்று அணைந்து மறுபடி எழும். வோல்டேஜை 24க்கு மேல் ஏற்றிக் கொடுக்கும் சின்ன கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. கன்வர்ட்டரைப் பொருத்தியவர் என் வீட்டுக்காரர். இந்த விஷயத்தில் அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சரி, இவ்வளவு புகழும் மினிக்கே என்றால் டவர் ஆன்டெனா எதற்கு? மரங்களுக்காக! கலிஃபோர்னியாவின் வட கடற்கரையில் ரெட்வுட் மரக் காடுகளுக்குள் நிறுத்திப் பாருங்கள், அண்ணாந்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். மினிக்கோ 110 டிகிரி அகலத்துக்கு வெட்டவெளி வேண்டும். ஒரு கிளை குறுக்கே வந்தாலும் சாட்டிலைட் அதன் பின்னால் போகும் நொடிகளில் லைன் அறுந்துபோகும். அங்கே கைகொடுப்பது கூரையில் இருக்கும் செல் ஆன்டெனா. வண்டியின் உலோக உடம்பு சிக்னலைத் தடுத்துவிடும் என்பதால் ஆன்டெனா வெளியேதான் இருக்க வேண்டும். 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மரத்தையும் மேட்டையும் ஓரளவு தாண்டி வந்துவிடும். ரௌட்டரில் இரண்டு கம்பெனி சிம் போட்டிருக்கிறோம், ஒன்று படுத்தால் இன்னொன்று தானாக எழுந்துகொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், இந்த இரண்டும் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்தில் தோற்பது அபூர்வம். வெட்டவெளியில் டவர் இருக்காது, இருந்தாலும் நெரிசலில் திணறும், ஆனால் வானம் இருக்கும். மரம் அடர்ந்த முகாமில் வானம் மறைந்திருக்கும், ஆனால் பக்கத்து ஊரின் டவர் பெரும்பாலும் எட்டும். முகாம்களில் ஓசியில் தரும் வைஃபையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு லைனை நூறு வண்டிகள் உறிஞ்சினால் யாருக்கு என்ன மிஞ்சும்?

இப்போது டிவிக்கு வருகிறேன். நெட்தான் இருக்கிறதே, டிவியையும் அதிலேயே பார்க்கலாமே என்பார்கள். சன் நெக்ஸ்ட்டில் பழைய படங்கள் பார்ப்பதெல்லாம் நெட்டில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கூரையில் வௌவால் சிறகு மாதிரி விரிந்திருக்கும் அந்தப் பழைய ஆன்டெனாவை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே ஆர்விக்காரர்கள் எல்லோரும் அதை 'பேட்விங்' என்றுதான் சொல்கிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து ஒரு கைப்பிடி தொங்கும். அதைச் சுற்றினால் வெளியே ஆன்டெனா எழுந்து நிற்கும். பிறகு வளையத்தைக் கீழே இழுத்துப் பிடித்துத் திருப்பினால் திசை மாறும். சுவரில் ஒரு பட்டன், அமுக்கினால் சின்ன விளக்கு எரியும். அதுதான் பூஸ்டர். டிவியில் ஸ்கேன் கொடுத்தால் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும் அந்த இரண்டு நிமிடம், அடடா!

மாதச் சந்தா ஒரு சல்லிக்காசு கிடையாது. 2009 ஜூன் 12இல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. அன்றிலிருந்து ஒரே நிலையம் 2.1, 2.2 என்று பல சேனல்களைச் சேர்த்தே அனுப்ப முடிகிறது. படம் கண்ணாடி போல இருக்கிறது. நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கியில் டிவி கோபுரங்கள் சாண்டியா மலையுச்சியில், 10,678 அடி உயரத்தில் நிற்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து பொழியும் சிக்னல் சமவெளியில் வெகுதூரம் வருகிறது. ஊருக்கு வெளியே எங்கேயோ நிறுத்திவிட்டு பேட்விங்கை மலைப்பக்கம் திருப்பினால் போதும், பிபிஎஸ் என்ற பொது ஒளிபரப்பில் விஞ்ஞான நிகழ்ச்சி ஓடும். அதே நிகழ்ச்சியை ஹெச்டியில் நெட் வழியே பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போய்விடும். அந்த டேட்டா என் ஆபீஸ் வேலைக்கு மிச்சம்.

அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் அன்று இன்னொரு வேடிக்கை. வண்டிக்கு வண்டி வெளியே டிவி வைத்து, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். நெட்டில் வரும் ஒளிபரப்பு பல நொடிகள் தாமதமாகத்தான் வரும். ஆன்டெனாவில் பார்க்கும் நாங்கள் குதித்துக் கத்தி முடித்த பிறகுதான் பக்கத்து வண்டியில் பந்தே கிளம்பும். பக்கத்து வண்டிப் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமே வந்து உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டைவிட முக்கியமானது வானிலை. ஒக்லஹோமா, வட டெக்சாஸ் பக்கம் வசந்த காலத்தில் சூறாவளி எச்சரிக்கை வரும்போது உள்ளூர் சேனலில் வானிலை அறிவிப்பாளர் மற்ற நிகழ்ச்சிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, எந்தக் கவுன்டி, எந்தச் சாலை, எத்தனை மணிக்கு என்று பெயர் சொல்லிச் சொல்லி வழிகாட்டுவார். மோட்டார்ஹோமில் இருப்பவர்கள் உடனே கெட்டியான கட்டடத்துக்கு ஓட வேண்டும், அதனால் அந்தப் பத்து நிமிடம் உயிர் போன்றது. சாட்டிலைட் நெட்டில் வரும் டிவி ஆப்போ, லைன் எந்த ஊர் வழியாகத் தரையிறங்குகிறதோ அந்த ஊரில் நாம் இருப்பதாக நினைத்து வேறு ஊர்ச் செய்தியைக் காட்டும். ஆன்டெனாவில் நாம் நிற்கும் இடத்துக் காற்றில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். எந்தக் கவுன்டியில் நிற்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம், நீங்களும் செய்யுங்கள்.

யாராவது பழைய ஆர்வி வாங்கப் போனால் என் வேண்டுகோள் இதுதான். மெத்தை, அடுப்பு, தரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் "இதெல்லாம் யாரு இப்ப பாக்கறா" என்று பேட்விங்கைக் கழற்றிப் போட மட்டும் விடாதீர்கள். கைப்பிடி இறுகிப்போயிருந்தால் கியருக்குக் கொஞ்சம் சிலிகோன் ஸ்ப்ரே அடித்துச் சுற்றிப் பாருங்கள், எழுந்து நிற்கும்!