ஓர் அணுவின் நயம்

ஹைதராபாத்தின் அமீர்பேட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள கணினிப் பயிற்சி நிலையங்கள். அதே பேட்டையின் மைத்ரிவிஹாரைப் பதிவு முகவரியாகக் கொண்டு வளர்ந்தது அரபிந்தோ பார்மா. டொலுடெகிராவிர், லாமிவுடின், டெனோஃபோவிர் சேர்ந்த மாத்திரையை குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலரில் தர 2017 செப்டம்பரில் முன்வந்த நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இம்மாத்திரை இரத்தத்தில் எச்.ஐ.வி.யைத் தென்படாத அளவுக்கு அடக்கிவிடும். ஆனாலும் சிலரிடம் மறதியும் சிந்தனை மந்தமும் நீடிக்கின்றன.

ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட நுட்பம் வியக்க வைக்கிறது. மூளையின் மைக்ரோகிளியா உயிரணுக்களில் தங்கும் வைரஸ், 'டாட்' என்ற சிறு புரதத்தை வெளியிடுகிறது. மரபணுவில் பதிந்துவிட்ட வைரஸ் டாட் தயாரிப்பதை இன்றைய மாத்திரைகள் நிறுத்துவதில்லை. நினைவுக்கும் சிந்தனைக்கும் உதவும் டோபமின் நரம்பு முனையில் சுரந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுப்பது 620 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கடத்திப் புரதம். டாட், டோபமின் அமரும் இருக்கைக்குப் போட்டியிடுவதில்லை. வேறோரிடத்தில் பற்றி அந்த இழுவையைத் தளர்த்துகிறது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜுன் ஜு குழுவினர் கடத்தியின் 470ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். டாட்டின் தடை குறைந்தது. உடல் டோபமினைத் தயாரிப்பதும் டைரோசினிலிருந்தே என்பது இங்கே ரசிக்க வேண்டிய பொருத்தம்.

நம் நாட்டில் பெரிதும் பரவியிருப்பது சி வகை வைரஸ். அதன் டாட்டில் 31ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் பெரும்பாலும் செரின் இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே அணு: கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன். அந்த ஒன்றாலேயே, வைரஸை மூளைக்குள் சுமந்து செல்லக்கூடிய மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை ஈர்க்கும் ஆற்றலை டாட் இழக்கிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்கா குழுவினர் 2004இல் இதைக் காட்டினார்கள். எத்தனை கூர்மையான பார்வை!

இதைக் கேட்டு நமக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடக் கூடாது. எச்.ஐ.வி. இருந்தும் மருந்து தொடங்காத தென்னிந்தியர்களைப் பரிசோதித்தபோது, பலரிடம் லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அறிவுத்திறன் குறைவு தெரிந்தது. ஆகவே எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவர்கள் மாத்திரையை ஒருநாளும் விட வேண்டாம். மறதி கூடினால் வயதாகிவிட்டது என்று ஒதுக்காமல் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.